மஞ்சள் ஆகாத கன்னிமார்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களை அந்த ஊர் ஆட்டோக்காரர்கள் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு வந்தவர்கள், தியானத்துக்கு வந்தவர்கள். பஸ் நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தவர் நான் எந்த வகை என்று கேட்டார். காளான் பார்க்க வந்தேன் என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ஒடம்பு எதுனா சரியில்லீங்களா சார்?”

நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன். செங்கம் ரோட்டில் நான் தங்கும் இடத்தில் இறக்கிவிட்டபோது, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சிங்கப்பூரில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். காளான் என்றால் நூடுல்ஸில் ஒதுக்கி வைக்கும் ஒரு வஸ்து, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் மகள் கயல்விழிதான் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவள். செத்துப்போன மரத்தைத் தின்று மண்ணாக்கும் காளான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் ‘உயிரியல் படிக்கிறாள்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது ஃபிரிட்ஜின் அடித்தட்டில் பழுப்புக் காகிதப் பொட்டலங்களாக இருந்தன. பிரித்தேன். உளுத்த மரத்துண்டுகள். இந்தப் பெண்ணுக்கு ஒரு சுத்தம் கிடையாது என்று முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் அடுக்குமாடியின் குப்பைக் குழாயில் தள்ளிவிட்டேன். அது அவளுடைய ஆறு மாத உழைப்பு. அவள் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். “பரவால்லப்பா” என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் ‘பரவால்ல’ இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் இந்த ஐப்பசியில் அவள் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, “நான் போய்ப் பார்த்துட்டு வரேன்” என்று வாயைக் கொடுத்தேன். பாவம் செய்தவர்கள் திருவண்ணாமலைக்குப் போவது புதிதல்ல.

விஷயம் இதுதான். மலையடிவாரக் காட்டில் பட்டுப்போன துரிஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் இந்த மரத்தின் இலையிலிருந்துதான் வருகிறது. போன வருடம் கயலின் தோழி, அப்போது அங்கே கல்லூரியில் வேலை பார்த்து இப்போது வெளியூருக்கு மாற்றலாகிப் போய்விட்டவள், அந்த மரத்தில் ஒரு காளானைப் படம் எடுத்து அனுப்பினாள். பல வருடம் நின்றே உளுத்த மரத்தில் மட்டும்தான் அது வாழுமாம். செத்த மரத்தை யார் பல வருடம் நிற்க விடுகிறார்கள்? விறகுக்குப் போய்விடும். அதனால் அந்தக் காளானுக்கு இருக்க வீடு இல்லை. இன்றைக்கு அது இருக்கும் இடங்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம் என்கிறாள் கயல்.

போன வருடப் படத்தில் மேல்பக்கம் மட்டும் தெரிந்தது. அடிப்பக்கம் தெரிந்தால்தான் அது அதேதான் என்று சொல்ல முடியுமாம். சொன்னால்தான் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் அதைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம், அந்த மரத்தையும் காக்கச் சொல்லிக் கேட்கலாம். கயலின் ஆராய்ச்சிக் காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. இந்த மழையை விட்டால் அடுத்த மழை அவளுக்கு இல்லை.

மூன்று பக்கத்துக்கு எனக்குக் கட்டளை எழுதிக் கொடுத்திருந்தாள். தொடக் கூடாது. பிடுங்கக் கூடாது. ஊதக் கூடாது. தண்ணீர் தெளிக்கக் கூடாது. பக்கத்தில் நெருப்பு கூடாது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக் கூடாது. பார்க்கலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம். என்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையின் அளவு மூன்று பக்கம்.

முதல் நாள் காலையில் ஆசிரமப் பக்கத்து உணவகம் ஒன்றில் இட்லி கேட்டேன். இல்லை என்றார்கள். என்ன இருக்கிறது என்றேன். ஒரு மரக்கிண்ணத்தில் ஓட்ஸ், வாழைப்பழம், மேலே ஏதோ விதைகள். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வேட்டியைச் சேலைபோலச் சுற்றிக்கொண்டு கையால் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பொங்கல் கிடைத்தது எப்படி என்று கேட்டேன். எதிரே தள்ளுவண்டியில் வாங்கி வந்தாராம். ஏழு கடல் தாண்டி வந்த அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் நாள் வேங்கிக்காலில் இருக்கும் வனத்துறை அலுவலகத்துக்குப் போய், தோழி ஏற்பாடு செய்திருந்த அனுமதிக் கடிதத்தை வாங்க வேண்டும். ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில் போவோம், நம்ம தொழிலாச்சே என்று நிழற்குடைக்குக் கீழே ஒழுங்காக நின்றேன். பஸ் வந்தது. என்னைத் தாண்டி ஐம்பதடி தள்ளி நின்றது. என்னோடு நின்றிருந்த எல்லோரும் அது அங்கேதான் நிற்கும் என்று முன்பே தெரிந்தவர்கள்போல ஓடி ஏறிவிட்டார்கள். நான் ஓடத் தொடங்கும்போது பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பதடி முன்னால் போய் நின்றேன். அது நிழற்குடையில் நின்றது. மூன்றாவது பஸ்ஸில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். முப்பத்தோரு வருடத்தில் நிறுத்தத்தில் நின்ற ஒருவரையும் நான் விட்டுவிட்டுப் போனதில்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். மூச்சு வாங்கியதில் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் வன வாட்சர் ஏழுமலையைச் சந்தித்தேன். நாற்பது வயது இருக்கும். காட்டில் தீ பிடிக்காமல், மரம் களவு போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. குடும்பம் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை போடுகிறது. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் என் கையில் திணித்துவிட்டு, “நீங்கதான் காளான் சாரா?” என்றார். ஊரை விட்டுக் கிளம்பும்வரை அதுவே என் பெயராக நிலைத்தது.

கிரிவலப் பாதையிலிருந்து கம்பி வேலியில் ஒரு ஆள் நுழையும் சந்து வழியாக உள்ளே போனோம். முப்பது அடி தூரத்தில் மரம். பட்டை உரிந்து, சாம்பல் பூத்து, கிளைகள் முறிந்து, இரண்டாள் உயரத்துக்கு நின்றது. என் நெஞ்சு உயரத்தில் வடக்குப் பார்த்து ஏழு வெண்மையான முண்டுகள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று தோன்றியதை மறைக்க மாட்டேன். எங்கள் ஊரில் ஒரு வாரம் மழை பெய்தால் செருப்புக்கு அடியில் இதைவிடப் பெரிதாக முளைக்கும்.

படத்தைக் கயலுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“ப்பா, அது இன்னும் மூடியிருக்கு. சிப்பி மாதிரி விரியணும். அடியில சல்லடை மாதிரித் துளை தெரியணும். அஞ்சாறு நாள் ஆகும். தினமும் போய்ப் பாருங்க.”

“நாலாம் நாள் எனக்குத் திரும்ப டிக்கெட்டும்மா.”

“மாத்திட்டேன்ப்பா.”

மூன்றாம் நாள் ஏழுமலை ஒரு செய்தியோடு வந்தார்.

“நாளான்னிக்கு பௌர்ணமி சார். ஜனம் ஜாஸ்தியா வரும். உள்ள பூந்து காஞ்ச மரத்த ஒடிச்சி அடுப்பு மூட்டுறாங்க. அதனால நாளைக்கு கூலியாளுங்கள வெச்சி வேலியோரம் பட்ட மரத்தல்லாம் எடுத்துடறாங்க.”

“இதையுமா?”

“இத வுட்டுடுன்னு மேஸ்திரி கிட்ட சொல்றேன் சார். ஆனா நாளைக்கு எனக்கு அந்தாண்ட பக்கம் டூட்டி. அவன் ஞாபகம் வெச்சிருந்தான்னா சரி.”

ஏதாவது அடையாளம் போட்டு வைப்போம் என்றேன். பெயிண்ட் அடித்தால் வெட்டுவதற்கு என்று அர்த்தமாம். பலகை எழுதி மாட்டினால் பலகையையும் சேர்த்து எடுத்துப்போய்விடுவார்களாம். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

கோயில் வாசலில் வாங்கிய மஞ்சள் துண்டு ஒன்று என் பையில் இருந்தது. முப்பத்தோரு வருடம் சாலையிலேயே வாழ்ந்தவனுக்கு மஞ்சளுக்கு ஒரே பொருள்தான். எச்சரிக்கை, கிட்டே வராதே. காளான்களுக்கு ஒரு சாண் மேலே மரத்தைச் சுற்றி அந்தத் துண்டை இறுக்கிக் கட்டினேன். முடிச்சு நல்ல முடிச்சு.

“மஞ்சத் துணியா சார்?” என்றார் ஏழுமலை.

“ஏன், தூரத்திலிருந்து தெரியாதா?”

“நல்லாவே தெரியும் சார். ஒருத்தனும் கோடாலி வெக்க மாட்டான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் சாயங்காலம் அவர் போன் செய்தார். வேலியோரம் பட்ட மரம் ஒன்று பாக்கியில்லை, நம்ம மரம் மட்டும் நிற்கிறது என்றார். கயலைக் கூப்பிட்டு, அப்பனின் சமயோசிதத்தை அரை மணி நேரம் விவரித்தேன். மஞ்சள் நிறத்தின் சர்வதேசப் பொருள் பற்றியும் கொஞ்சம் பேசினேன். கொண்டாட்டமாகச் சாப்பிடலாம் என்று கடைத்தெருவில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். பரிமாறியவர் மஷ்ரூம் மசாலா நன்றாக இருக்கும் என்றார். இந்த வாரம் மட்டும் வேண்டாம் என்றேன். விரதமா என்று மரியாதையாகக் கேட்டார்.

பௌர்ணமியன்று ஊர் வேறு ஊராகிவிட்டது. ஆட்டோ கிடையாது, வண்டிகள் கிடையாது, சாலை முழுக்கக் கால்கள். நானும் மத்தியானமே நடக்கத் தொடங்கினேன். வட்டமாகப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதை. இந்த மாதிரி ரூட்டில் எனக்கு அனுபவம் உண்டு என்ற திமிர் வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். மரம் இருக்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே இரண்டு பாதங்களிலும் கொப்புளம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள். ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் தாண்டிப் போனார். நான் திரும்பி நொண்டிக்கொண்டே அறைக்கு வந்து, வெந்நீரில் காலை வைத்தபடி தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலிச் சந்துக்குப் போனால், அங்கே ஒரு ஜோடிச் செருப்பு, கோயில் வாசலில் விடுவதுபோல ஒழுங்காகக் கழற்றி விடப்பட்டிருந்தது.

செருப்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. தமிழனாகப் பிறந்து அறுபத்து மூன்று வருடம். பட்ட மரத்தில் மஞ்சள் துணி கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர் அரசமரத்தடியில் நானே கட்டியிருக்கிறேன். எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

மரத்தின் அடியிலிருந்து கிட்டத்தட்ட என் நெஞ்சு உயரம்வரை மஞ்சள் பூசியிருந்தது. அதன்மேல் குங்குமப் பொட்டுகள். வேரோரம் தேங்காய் மூடிகள், எலுமிச்சம்பழம். ஒரு கல்லின்மேல் சூடம் எரிந்த கரி. என் துண்டுக்குத் துணையாக இன்னும் ஏழெட்டு மஞ்சள் துணிகள், நூல்கள், நூலில் கட்டிய சீட்டுகள். ஏழு காளான்களில் கீழே இருந்த இரண்டின்மேல் மஞ்சள் அப்பியிருந்தது. மரத்தின் முன்னால் மண்டியிட்டு ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், குழைத்த மஞ்சள் கிண்ணத்தை இடது கையில் ஏந்தி, வலது கையை மூன்றாவது காளானை நோக்கிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

“தொடாதீங்க” என்று கத்தினேன்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். பயந்ததாகத் தெரியவில்லை.

“இன்னாங்க, இந்த சத்தம் போடறீங்க?”

அவர் பெயர் தனக்கோட்டி. கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். பௌர்ணமிக்கு முந்தின நாள் கூலியாட்கள் அந்த மரத்தை மட்டும் கும்பிட்டுவிட்டு விலகிப்போனதைப் பார்த்திருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தால் பட்ட மரத்தில் ஏழு பேர் பூத்திருக்கிறார்கள். ஏழு என்றால் கன்னிமார் அல்லாமல் வேறு யார்?

“இது காளான்மா” என்றேன்.

“காளானாத்தான் வருவா. ஒரு எடத்துல புத்தா வருவா, ஒரு எடத்துல கல்லா வருவா. அவ இஷ்டம்.”

“அரசாங்க இடம். உள்ளே வரவே கூடாது.”

“எல்லா சாமியும் அரசாங்க எடத்துலதாங்க கீது.”

“மஞ்சள் பூசினால் செத்துப்போகும்.”

“மஞ்ச பூசனா சாமி சாவுமா?”

மஞ்சள் பூஞ்சையைக் கொல்லும் என்று கயல் ஒருமுறை சொன்னது நினைவில் இருந்தது. அதை எப்படி இந்த அம்மாவிடம் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டேன். இந்தத் துணியைக் கட்டியதே நான்தான், சாமிக்காக இல்லை, வெட்டாமல் இருக்க அடையாளத்துக்காக என்றேன்.

தனக்கோட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீங்க எங்க கட்னீங்க. கட்ட வெச்சது அவ.”

கால் கொப்புளம் வேறு எரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நான் பேசியது எதுவும் திட்டமிட்டுப் பேசியதில்லை. ஃபிரிட்ஜில் இருந்ததை எடுத்துக் குப்பையில் போட்டது, அவள் கதவைச் சாத்திக்கொண்டது, காலில் கட்டோடு படுத்திருப்பது, இது உயிரோடு விரிந்தால்தான் அவள் இத்தனை வருடம் படித்தது நிற்கும் என்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், மஞ்சள் பூசிய மரத்தடியில், அறுபத்து மூன்று வயதில். வெட்கமாகத்தான் இருந்தது.

நான் முடித்ததும் அவர் கேட்டார்.

“எத்தினியாவது தபா எழுதறா உங்க பொண்ணு?”

“ஒரே தடவைதான்மா. இது போச்சுன்னா அவ்வளவுதான்.”

“எம் பொண்ணு சுதா மூணாவது தபா. குரூப் ஃபோர் பரிச்ச. மார்க்கு கம்மி கம்மின்னு ரெண்டு தபா போச்சு.” மரத்தில் கட்டியிருந்த ஒரு சீட்டைக் காட்டினார். நோட்டிலிருந்து கிழித்த தாளில் பெரிய எண்களாகப் பதிவெண். “அதான் கட்னேன்.”

மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

அதற்குள் வேலிச் சந்தில் பேச்சுக்குரல். எட்டுப் பத்துப் பேர் தட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. தனக்கோட்டி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்களுக்கு எதிரே போய் நின்றார்.

“அங்கியே நில்லுங்க. விடியக்காலைல எங் கனவுல வந்தா. எனக்கு மஞ்ச ஆவாது, சூடம் ஆவாது, எம்மேல ஒருத்தரும் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா.”

சூடத்தை அங்கேயே மண்ணில் தட்டி அணைத்தார்கள். எனக்கு அரைமணி நேரக் கெஞ்சல் தேவைப்பட்டது அவருக்கு ஒரே வாக்கியத்தில் நடந்துவிட்டது.

“தண்ணி ஊத்தலாமா?” என்றார் ஒரு பெண்.

தனக்கோட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

“தண்ணியும் ஆவாது.”

“ஊதுபத்தி?”

மறுபடி ஆட்டினேன்.

“வாசனையே ஆவாதாம். தூர நின்னு கும்புட்டுட்டுப் போய்ட்டே இருங்க.”

கயல் மூன்று பக்கத்தில் எழுதியதை அவர் சூடம் அணையும் நேரத்துக்குள் சொல்லி முடித்தார். அவர்கள் தூர நின்று கும்பிட்டார்கள். ஒரு அம்மா, மஞ்சள் ஆகாத சாமியைத் தான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை, ரொம்ப உக்கிரமான சாமியாக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அவர்கள் போனபிறகு தனக்கோட்டி மரத்தைப் பார்க்கவில்லை.

“பொய் சொல்லிட்டேங்க. அவ பேர்ல. அதுவும் எம் பொண்ணு ரிசல்ட்டு வர்ற நேரத்துல.”

ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். நம்பாதவன் சொல்லும் ஆறுதலுக்கு என்ன மதிப்பு. தலையை மட்டும் அசைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கயலைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ‘பரவால்லப்பா’ என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

“எத்தனை மேல மஞ்சள் பட்டிருக்கு?” என்றாள்.

“ரெண்டு.”

“அஞ்சு இருக்குல்ல. துடைக்காதீங்க. விட்டுடுங்க. நீங்க அங்க இருந்து நகராதீங்க.”

நகரவில்லை. ஏழுமலை மரத்தைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டு, பூசைச் சாமான்களை எல்லாம் வேலிக்கு வெளியே ஒரு கல்லுக்கு மாற்றினார். “நீங்க துணி கட்டும்போதே நெனச்சேன் சார்” என்றார். அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். “வெட்டாம இருந்தா சரின்னு வுட்டுட்டேன். இவ்ளோ வேகமா சாமியாவும்னு நெனைக்கல.”

அடுத்த மூன்று நாளும் விடிந்ததிலிருந்து வெளிச்சம் மங்கும்வரை, தனக்கோட்டி கடையிலிருந்து வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டூலில், பூதக்கண்ணாடியும் கையுமாக, மரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பார்ப்பதற்கு அந்த ஏழு முண்டுகளும், கண்ணுக்கு நேராகத் தொங்கிய சுதாவின் சீட்டும் மட்டும்தான். இரண்டாம் நாள் வேலிக்கு வெளியே இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் நின்று தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். “நேற்றிலிருந்து இப்படியே இருக்கிறார். பேசுவதே இல்லை” என்றார் ஒருவர். “முகத்தைப் பார். ஒரு ஆசையும் இல்லை” என்றார் மற்றவர். நான் அப்போது சிக்கன் பிரியாணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கைகூப்பியபோது நானும் பதிலுக்குக் கூப்பிவிட்டேன். மறுநாள் நான்கு பேராக வந்தார்கள்.

மஞ்சள் பட்ட இரண்டும் பழுப்பாகிச் சுருங்கி உதிர்ந்தன. இன்னொன்று ஏனென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டது. மீதி நான்கு, மூன்றாம் நாள் காலையில் போனபோது, விரிந்திருந்தன.

அடிப்பக்கத்தைப் படம் எடுக்க, மரத்தடியில் முள்ளைத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்தேன். சிப்பி மாதிரி அகன்று, ஓரத்தில் வெளுத்த பழுப்புக் கோடு. அடியில் பால் வெள்ளை. அந்த வெள்ளை முழுக்க ஊசி முனையால் குத்தியதுபோலத் துளைகள், ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே அளவில். செத்து நிற்கும் ஒரு மரத்தில் இவ்வளவு நேர்த்தியாக ஒன்று யாருக்கும் தெரியாமல் முளைத்துப் போய்க்கொண்டிருக்கிறது. என் மகள் இதைத்தான் இத்தனை வருடம் எனக்குச் சொல்லப் பார்த்திருக்கிறாள். நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். படுத்தபடியே கண் நிறைந்து காதுக்குள் ஓடியது.

நாற்பது படம் அனுப்பினேன். அளவுகோலோடு, அளவுகோல் இல்லாமல். கயல் திருப்பிக் கூப்பிட்டு, “அதேதான்ப்பா” என்றாள்.

தனக்கோட்டி இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். முள்ளுக்கு அந்தப் பக்கமே நின்று, “பொழச்சிக்கிச்சா?” என்றார்.

“நாலு” என்றேன்.

“போதும்” என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, பாதி சிரிப்பும் பாதி நிஜமுமாக, “உங்க பொண்ணு பாஸ் ஆய்ட்டா. எம் பொண்ணுக்கு மட்டும் எதுனா ஆச்சுன்னா உங்கள வுட மாட்டேன்” என்றார்.

சிங்கப்பூருக்குத் திரும்பி ஒரு மாதமாகிறது. எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு மரம் பட்டுப்போயிருந்தது. அதற்கு எண் போட்டு, மறுநாள் காலைக்குள் ஆட்கள் வந்து சுத்தமாக எடுத்துப் போய்விட்டார்கள். முன்பெல்லாம் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவேன்.

கயல் விண்ணப்பத்தை எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினாள். ‘அச்சுறுத்தல்கள்’ என்று ஒரு கட்டம். விறகு சேகரிப்பு, காட்டுத்தீ, மஞ்சள் பூசுதல், வெளிநாட்டுப் பார்வையாளர்.

“நாலாவது நான்தானே?” என்றேன்.

“பொதுவாத்தான்ப்பா எழுதியிருக்கேன்” என்றாள். எனக்குப் பின்னால் வந்த தியானக்காரர்களின் தலையில் அதைக் கட்டலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். அவர்கள் பாவம், கைகூப்பியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த கட்டம் ‘தற்போதைய பாதுகாப்பு’. அதில் ‘உள்ளூர் வழிபாட்டுக் கட்டுப்பாடு’ என்று எழுதியிருந்தாள். தனக்கோட்டியின் பெயரைப் போடு என்றேன். ஆள் பெயர் போடக் கூடாதாம். அந்த அம்மா தன் மகளை நினைத்துப் பயந்துகொண்டேதான் அதைச் செய்தார் என்றாவது போடு என்றேன். அதற்கும் இடமில்லையாம்.

விண்ணப்பம் போய்விட்டது. பதில் எப்போது வரும் என்று நான் கயலிடம் கேட்பதில்லை. தினமும் காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன்னால், தமிழ்நாட்டுத் தேர்வு முடிவுப் பக்கத்தைத் திறந்து சுதாவின் பதிவெண்ணைத் தட்டிப் பார்க்கிறேன். மூன்று நாள் அந்தச் சீட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்ததில் எண் மனப்பாடம். முடிவு இன்னும் வரவில்லை. நேற்று இரண்டு தடவை பார்த்தேன்.